மேலிடத்து வாளி

எடோ நகரத்தில் ஒரு பிரபு எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள முன்வாசலில் போய் நிற்பவன் விவரம் தெரியாதவன். முன்வாசலில் பிரபு எப்போதும் நலமாகத்தான் இருப்பார். செத்து மூன்று மாதம் ஆனாலும், வாரிசு யார் என்று முடிவாகும் வரை, நலமாகத்தான் இருப்பார். உண்மை வேண்டுமானால் பின்வாசலுக்கு வர வேண்டும். வந்து எங்கள் மொகிச்சியைக் கேட்க வேண்டும்.

மொகிச்சி ஆற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் முள்ளங்கி போடுகிறவன். கசுமிகாவா பிரபுவின் எடோ மாளிகையில் உள்ள கழிப்பறைகளை மூன்று நாளைக்கு ஒருமுறை அள்ளிக்கொண்டு வரும் உரிமை அவன் அப்பா காலத்திலிருந்து அவன் குடும்பத்துக்கு. பதிலுக்குப் பனிக்காலத்தில் மாளிகையின் ஊறுகாய்ப் பீப்பாய்கள் நிறைய முள்ளங்கி கொண்டுபோய் இறக்க வேண்டும். நான் படகுக்காரன், பெயர் தோராகிச்சி. மொகிச்சி அள்ளுவதை ஏற்றி வருவது என் படகு. இதைச் சொன்னால் மூக்கைப் பிடிக்கிறவர்கள் எடோவில் உண்டு. முள்ளங்கி ஊறுகாயை வாயில் போடும்போது யாரும் மூக்கைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலில் எல்லாச் சரக்கும் ஒன்றல்ல. மீனும் வெள்ளைச் சோறும் தின்கிற பிரபு மாளிகைச் சரக்கு முதல் தரம். ஒண்டுக்குடித்தனச் சரக்கு இரண்டாம் தரம். சிறைச்சாலைச் சரக்கை எருக்குழியில் கொட்டினால் குழியே பசியெடுத்துப் பார்க்கும். மொகிச்சி இதையெல்லாம் தாண்டியவன். அகப்பையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால், உள்ளே யார் என்ன தின்றான், யாருக்கு என்ன கவலை என்று சொல்லிவிடுவான். மாளிகை வைத்தியர் பிரபுவின் மணிக்கட்டில் பட்டு நூலைக் கட்டி, அடுத்த அறையில் உட்கார்ந்து நூல் வழியாக நாடி பார்க்கிறவர். மொகிச்சியிடம் நூல் இல்லை. ஒருமுறை ஈட்டி வீரர் தலைவரை வழியில் நிறுத்தி, குடியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னான். அவர் முதலில் வாளில் கையை வைத்தார், அப்புறம் குடியைக் குறைத்தார். இன்னும் உயிரோடு இருக்கிறார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, அந்த வசந்தத்தில் மாளிகையில் ‘பின்வாசல் விவகாரத் துறை’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள்.

ஏன் ஆரம்பித்தார்கள் என்றால், இவாமுரா தன்சோ என்று ஒரு அதிகாரி இருந்தார். இருபது வருடம் குடைத் துறையைப் பார்த்தவர். மழை பெய்தால் பிரபு வெளியே போவதில்லை, பெய்யாவிட்டால் குடை தேவையில்லை. இருபது வருடத்தில் ஒரு குடைகூடக் கிழியவில்லை என்பதற்காக அவருக்குப் பதவி உயர்வு கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுக்கப் பதவி இல்லை. பின்வாசல் இருந்தது.

தன்சோ பின்வாசலுக்கு வந்த முதல் நாளே மொகிச்சியின் வாளியை எட்டிப் பார்த்தார். பிரபுவின் உள்ளறைச் சரக்கையும், வரிசை வீடுகளில் இருக்கும் முந்நூறு வீரர்களின் சரக்கையும் அவன் ஒரே வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தான். தன்சோவின் முகம் வெளுத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க பிரபு தன் வீரர்களோட ஒரே விரிப்புல உக்கார மாட்டார். ஒரே குளத்துல குளிக்க மாட்டார். நீ ரெண்டு பேரையும் ஒரே வாளியில போட்டு... போட்டு கலக்குறியா?” என்றார்.

“முப்பது வருஷமா கலக்குறேன் எஜமான்,” என்றான் மொகிச்சி, பாராட்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டு.

அன்றோடு அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் வந்தது. தன்சோவால் அதன் சொந்தப் பெயரைச் சொல்ல முடியாது, அவர் வளர்ப்பு அப்படி. ஆகவே பிரபுவிடமிருந்து வருவது ‘மேலிடப் பொருள்’. மற்றவர்களிடமிருந்து வருவது ‘கீழிடப் பொருள்’. மேலிடப் பொருளுக்கு அரக்குப் பூசிய தனி வாளி, வாளியின் மேல் பொன் வண்ணத்தில் குடும்பச் சின்னம், அதன்மேல் பட்டுத் துணி. மொகிச்சி முந்தின நாளே குளித்து, சடங்கு உடுப்பு போட்டுக்கொண்டு வர வேண்டும். அவனிடம் இருந்த ஒரே சடங்கு உடுப்பு கல்யாணத்துக்குத் தைத்தது. இடுப்பில் பூட்ட முடியவில்லை. அவன் மனைவி ஓதாமே இரண்டு பக்கமும் பிரித்து, வேறு துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

அடுத்த சிக்கல் காவடித் தண்டு. தண்டு என்றால் இரண்டு பக்கமும் வாளி வேண்டும், இல்லாவிட்டால் ஆள் கவிழ்ந்துவிடுவான். ஆனால் மேலிடப் பொருளுக்குச் சமமாக மறுபக்கம் எதைத் தொங்கவிடுவது? கீழிடப் பொருளைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். துறை நான்கு நாள் கூடிப் பேசியது. கடைசியில் பிரபுவின் தோட்டத்திலிருந்து கற்களை எடுத்துத் தொங்கவிடுவது என்று முடிவானது. அவையும் பிரபுவுக்குச் சொந்தம்தானே. ஒவ்வொரு முறையும் பொருளின் எடைக்குத் தக்கபடி கல் மாற்ற வேண்டும். மொகிச்சி அந்தக் கற்களை எங்கள் ஊர்வரை சுமந்து வந்து, மரியாதையாக இறக்கி வைத்து, மறுபடி சுமந்து கொண்டுபோய்த் தோட்டத்தில் வைத்தான்.

பிறகு என் முறை வந்தது. வாளி படகின் முன்பக்கம், மேடையில், முன்னோக்கி இருக்க வேண்டுமாம். ஒரு வாளிக்கு முன் எது பின் எது என்று கேட்டேன். சின்னம் இருக்கும் பக்கம் முன் என்றார்கள். சரி. நான் பின்னால் நின்று துடுப்பு வலிக்கிறவன். நின்றால் என் தலை வாளியைவிட உயரம். அது கூடாது. ஆகவே கோடைகாலம் முழுக்க சுமிதா ஆற்றில் முழங்காலில் நின்று படகு வலித்த ஒரே மனிதன் நான்தான். எதிரே வந்த படகுக்காரர்கள், என்னப்பா வேண்டுதலா என்று கேட்டார்கள். ஆமாம், சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேண்டுதல் என்றேன்.

பாலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வாளிக்கு முன்னால் சத்தம் போட்டு வழிவிலக்க ஒரு காலாள் வீரனையும் தன்சோ அனுப்பியிருந்தார். மாளிகையிலிருந்து படகுத்துறைக்கு வரும் வழியில் ஒரு சிறு பாலம் உண்டு. அதன் மறுமுனையில் வேறொரு பிரபுவின் ஊர்வலம், ஈட்டிகளும் பல்லக்குமாக வந்துவிட்டது.

இங்கே ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை, பிரபுக்களுக்கெல்லாம் மேலே நாட்டை ஆளும் ஷோகுனுக்குப் புதுத் தேயிலை நிரப்பிய ஜாடிகள் நெடுஞ்சாலையில் போகும். ஜாடி வந்தால் பிரபுக்களே பல்லக்கை விட்டு இறங்கி ஓரம் கட்டுவார்கள். அதனால் எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பட்டுத் துணி போர்த்திய எது வந்தாலும் முதலில் நெற்றியைத் தரையில் வைத்துவிடுவது. உள்ளே என்ன என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

அவர்கள் ஆள் வந்து, போவது என்ன என்று கேட்டான். எங்கள் காலாள் மனப்பாடமாக, “கசுமிகாவா மாளிகையின் மேலிடப் பொருள்,” என்றான். பல்லக்கு இறங்கியது. ஈட்டிகள் சாய்ந்தன. எண்பது பேர் பாலத்தின் இரண்டு பக்கமும் மண்டியிட்டார்கள். மொகிச்சி, பிதுங்கும் சடங்கு உடுப்பில், ஒரு பக்கம் வாளியும் மறுபக்கம் தோட்டத்துக் கல்லுமாக நடுவில் நடந்து போனான். நான் பின்னால். தலை குனிந்திருந்த ஒரு கிழ வீரர் மெல்ல மூக்கை உறிஞ்சி, பக்கத்திலிருந்தவரிடம், “இந்த வருஷம் இலை நல்லா முத்தி வந்திருக்கு,” என்றார்.

இதைக் கேட்டால் தன்சோ வெட்கப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். மனிதரை எனக்கு அப்போது சரியாகத் தெரியவில்லை. அவர் அதை ‘முன்னுதாரணம்’ என்று எழுதிவைத்துக்கொண்டார். ஒரு பிரபு இறங்கி வணங்கியிருக்கிறார் என்றால் இனி எல்லாரும் வணங்க வேண்டும் என்றாகிவிட்டது.

நான்காம் மாதம் எங்களுக்கு விடிவு வந்தது போல இருந்தது. எங்கள் பிரபுக்கள் ஒரு வருடம் எடோவில், ஒரு வருடம் சொந்த நாட்டில். கசுமிகாவா பிரபு பாதி வீரர்களோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஊர்வலம் போவதை நானும் மொகிச்சியும் தெருவோரம் குனிந்து கிடந்தே பார்த்தோம். மொகிச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேலிடமே போய்விட்டது, இனி ஒரு வருடம் கல் சுமக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் பின்வாசலுக்குப் போனோம். அரக்கு வாளி தயாராக இருந்தது. பட்டுத் துணி போர்த்தியிருந்தது. நிறைந்திருந்தது.

மொகிச்சி வாளியைப் பார்த்தான், தன்சோவைப் பார்த்தான். பிரபு ஊருக்குப் போய்விட்டாரே என்று மெதுவாகக் கேட்டான்.

“போனதை நானும் என் கண்ணால பாத்தேன். நான்தான் குடை பிடிச்சு வழியனுப்பி வச்சேன். ஆனா புறப்பாட்டு ஓலை முன்வாசலுக்குத்தான் வந்துச்சு. பின்வாசலுக்கு எழுத்துல எதுவும் வரல. எங்க பதிவேட்டுல பிரபு உள்ளேதான் இருக்கார்,” என்றார் தன்சோ.

“அப்ப இது யாரு எஜமான்?” என்றான் மொகிச்சி, வாளியைக் காட்டி.

“மேலிடம்,” என்றார் தன்சோ, கொஞ்சம் உரக்க. “மூணு நாளைக்கு ஒருக்கா மேலிடப் பொருள் வெளிய போகலன்னா என்ன அர்த்தம்? பிரபுவுக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம். வைத்தியர் வருவார். விசாரணை வரும். காலி வாளிய வெளிய அனுப்பி எங்க பிரபுவ நோயாளி ஆக்கச் சொல்றியா?”

மொகிச்சி அப்படிச் சொல்லவில்லை. காவடியைத் தூக்கினான்.

அன்று திரும்பும்போது தன்சோ அவனைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கொல்லையில் வெள்ளரிக்காய் காய்க்கும் காலம் வந்தால் கொஞ்சம் கொண்டு வரச் சொன்னார். பெரிய மாளிகைகளில் வெள்ளரிக்காய் தின்ன மாட்டார்கள். வட்டமாக நறுக்கினால் ஷோகுனின் சின்னம் போலத் தெரியும், அதைக் கடித்துத் தின்பது ராஜத் துரோகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். தன்சோ உடனே, தின்ன இல்லை, அரக்கு வாளிக்கு மெருகு போட என்றார். வெள்ளரிச் சாறு தேய்த்தால் அரக்கு பளபளக்குமாம். மொகிச்சி நல்ல பிஞ்சாகப் பார்த்துப் பறித்து, தாளில் சுற்றி, கோடை முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தான். வாளி என்னவோ முன்னிருந்த மாதிரியேதான் இருந்தது.

இதுவரை நடந்ததில் மொகிச்சிக்கு இடுப்பு வலிதான். ஐந்தாம் மாதத்தில் வந்த உத்தரவுதான் அவன் வயிற்றில் அடித்தது.

மேலிடப் பொருள் எந்த நிலத்தில் சேர்ந்தது என்று சான்று வர வேண்டும், அது வரும்வரை கீழிடப் பொருள் மாளிகையை விட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவு. நிலத்துக்கும் நிபந்தனைகள் இருந்தன. சுற்றியிருக்கும் நிலங்களைவிட மேடாக இருக்க வேண்டும். பொருளில் தண்ணீர் கலக்கக் கூடாது, அது நீர்த்துப்போனால் பிரபுவின் கண்ணியம் நீர்த்துப்போகும். ஊற்றிய பிறகு அந்த நிலத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது.

“கால் வைக்காம முள்ளங்கிய யாரு எஜமான் புடுங்குறது?” என்று மொகிச்சி கேட்டான்.

“அது அறுவடைக் குழு முடிவு பண்ணும். இன்னும் குழு அமைக்கல,” என்றார் தன்சோ.

அப்படி ஒரு நிலம் எங்கள் ஊரில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை. நிலம் கிடைக்கும்வரை வாளியைத் தகுந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. ஊரில் தகுந்த இடம் ஊர்த்தலைவர் வீட்டு முன்னறை மாடம்தான். அங்கே தொங்கிய சித்திரச் சுருளைக் கழற்றிவிட்டு வாளியை வைத்தார்கள். மூன்று நாள் கழித்து இரண்டாவது வாளி. பிறகு மூன்றாவது. வெயில் கொளுத்துகிற ஆறாம் மாதம். ஊர்த்தலைவர் கண்ணில் நீர் வழிய வரவேற்பார், நாங்கள் பக்தி என்று எழுதி அனுப்புவோம்.

இதற்கிடையில் மாளிகையில் மிச்சமிருந்த நூற்றைம்பது வீரர்களின் கழிப்பறைகள் நிரம்பிவிட்டன. வீரர்கள் என்ன செய்வார்கள்? மாளிகைக்குப் பின்னால் தச்சர்களும் மீன்காரர்களும் குடியிருக்கும் ஒண்டுக்குடித்தனத்தில் பொதுக் கழிப்பறை ஒன்று உண்டு. காலையில் இரண்டு வாளும் இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கே போய் வரிசையில் நின்றார்கள். சரக்கை விற்றுக் காசு பார்க்கும் ஒண்டுக்குடித்தனச் சொந்தக்காரருக்கு அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. முதல் தரச் சரக்கு தானாக நடந்து வருகிறது. வாசலில் தேநீர் வைத்து, இன்னும் ஒரு கிண்ணம் குடியுங்கள் என்று உபசாரம் செய்தார். கிணற்றடிப் பெண்கள் தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிட்டு, “வாங்க வீரர்களே, போர் எங்க?” என்று கேட்பார்கள். வீரர்கள் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அத்தனையும் போய்ச் சேர்ந்தது பக்கத்து ஊர் தென்ரோகுவின் எருக்குழிக்கு. ஒண்டுக்குடித்தனத்தை அள்ளுகிறவன் அவன்தான். எங்கள் படகைக் கடக்கும்போதெல்லாம், நிரம்பி வழியும் தன் படகிலிருந்து, முழங்காலில் நிற்கும் எனக்கு மிகவும் பணிவாக வணக்கம் சொல்லுவான்.

மொகிச்சியின் எருக்குழி காய்ந்து கிடந்தது. எட்டாம் மாதம் பிறந்தால் முள்ளங்கி விதைக்க வேண்டும். அதற்கு ஒரு மாதமாவது முன்னால் சரக்கு குழியில் விழுந்து, புளித்து, சூடு அடங்கியிருக்க வேண்டும். எங்கள் மண் மணல் மண், எரு இல்லாமல் போட்டால் முள்ளங்கி விரல் தடிமனுக்கு மேல் வராது. பனிக்காலத்தில் மாளிகைப் பீப்பாயை நிரப்ப முடியாது. நிரப்பாவிட்டால் பின்வாசல் உரிமை தென்ரோகுவுக்குப் போய்விடும். அதோடு மொகிச்சியின் விவசாயம் முடிந்தது.

ஓதாமே சொல்ல வேண்டியதை ஒருமுறைதான் சொன்னாள். அடுப்பில் மிசோ சூப் கொதித்துக்கொண்டிருந்தது, நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

“பிரபு வீட்டுக் கல்ல சுமந்தீங்க, சரி. சும்மா ஒரு வாளிக்கு முன்னால கும்புடு போட்டீங்க, சரி. நூத்தம்பது பேரு தின்னுட்டு உக்காந்திருக்காங்க, நம்ம குழி காஞ்சு கிடக்கு. போய்க் கேளுங்க. கேக்க பயமா இருந்தா நான் வர்றேன்,” என்றாள்.

ஓதாமே வந்தால் தன்சோவின் கதி என்னாகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மறுநாளே கிளம்பினோம்.

பின்வாசல் விவகாரத் துறை ஒரு பழைய குடைக் கொட்டகையில் இருந்தது. தன்சோ மேடையில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒட்டி, கண் குழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு எழுத்தர், சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். மொகிச்சி நெற்றியைப் பாயில் வைத்து விதைப்புக் காலத்தைச் சொன்னான், மணல் மண்ணைச் சொன்னான், பனிக்காலத்து ஊறுகாயைச் சொன்னான். வரிசை வீட்டுச் சரக்கை மட்டும் திறந்துவிட்டால் போதும் என்றான்.

தன்சோ விசிறியை விரித்தார். பிறகு பேசினார்.

“முள்ளங்கி முக்கியம்னு நீ நினைக்கிற. முறைதான் முக்கியம். முள்ளங்கி இல்லாத மாளிகை மாளிகையா இருக்கும். முறை இல்லாத மாளிகை என்ன மாளிகை? குடைத் துறையில இருபது வருஷம் இருந்தேன். ஒரு குடைகூட நனைய விடல. நனைஞ்சாத்தானே குடைன்னு ஒரு பய கேட்டான், அவன நான் சும்மா விடல. இந்தத் துறை வந்த அப்புறம்தான் ஜனங்க என்னைப் பாத்து... வாளியப் பாத்து தலை குனியுறாங்க. மூணு நாளைக்கு ஒருக்கா இந்த வாளி வெளிய போகலன்னா, நான் எதுக்கு இங்க இருக்கேன், சொல்லு?”

எழுத்தர் கடைசி வாக்கியத்தையும் எழுதினார். தன்சோ அதைப் பார்த்துவிட்டு விசிறியை மடக்கினார். விண்ணப்பம் தள்ளுபடி.

மொகிச்சி எழுந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஐம்பது வயது மனிதன், குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். வாசல்வரை போனவன் திரும்பினான்.

“எஜமான், போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. மேலிடத்துக்கு வயிறு சரியில்ல.”

தன்சோ புன்னகைத்தார். “பிரபு நலமா இருக்கார். நேத்துதான் கடிதம் வந்துச்சு.”

“ஊர்ல இருக்குற பிரபுவ சொல்லல எஜமான். வாளியில இருக்குறவர சொல்றேன்.”

மொகிச்சி அவர் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, வழக்கமாக எல்லாரிடமும் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு போனான்.

“பதினஞ்சு நாளா பாக்குறேன். சோறு செரிக்கல. ஏதோ பெரிய கவலை இருக்கு, ராத்திரி தூங்குறதில்ல. பச்சத் தண்ணியா குடிக்கிறார். அதோட வெள்ளரிக்காய்தான் அவருக்கு ஆகவே ஆகல எஜமான். வெத வெதயா அப்படியே வருது.”

எழுத்தரின் தூரிகை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. கசுமிகாவா மாளிகையில் வெள்ளரிக்காய். அதுவும் பிரபுவின் சின்னம் போட்ட வாளியில்.

“இத எழுதவா?” என்று எழுத்தர் கேட்டார்.

“வேண்டாம்,” என்றார் தன்சோ. அவர் குரல் எங்கிருந்தோ வந்தது. மை தீர்ந்துவிட்டது, போய்க் கொண்டு வாருங்கள் என்று எழுத்தரை அனுப்பினார். மைக்கூடு நிறைந்துதான் இருந்தது. எழுத்தர் நல்ல மனிதர், நிறைந்த மைக்கூட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாளிகையிலேயே ஒரே ஒருவருக்குத்தான் மொகிச்சி வெள்ளரிக்காய் கொடுத்தான். அது எனக்குத் தெரியும், தன்சோவுக்குத் தெரியும். மொகிச்சிக்கு அந்த நிமிடம் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவன் மிரட்டவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். அவனுக்கு மிரட்டத் தெரியாது. ஓதாமேயிடம் இதைச் சொன்னபோது, “உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது,” என்று சொல்லிச் சிரித்தாள்.

தன்சோ மேடையிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் மட்டத்துக்கு, பாயில் உட்கார்ந்தார். அவர் அப்படி இறங்கி உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“ஆபத்தா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல எஜமான். கஞ்சி குடிக்கச் சொல்லுங்க. உப்புப் போட்ட பிளம் ஒண்ணு, காலைல. வெள்ளரிக்காய விட்டுடச் சொல்லுங்க. கவலைய...” மொகிச்சி யோசித்தான். “கவலைய எப்படி விடுறதுன்னு எனக்குத் தெரியல.”

தன்சோ தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. பிரபுவின் உள்ளறைக்குள், யாருக்கும் தெரியாமல், மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒரு துறையைத் தன் ஒற்றை உடம்பால் நடத்திவந்த மனிதர். இருபது வருடம் குடை நனையாமல் பார்த்துக்கொண்டவருக்கு வேறு என்ன தெரியும்?

மறுநாள் உத்தரவு வந்தது. உத்தரவு என்றால் காரணம் வேண்டும். ‘மேன்மைமிகு ஊர்வலங்களில் காலாட்கள் முன்னால் போவதும் பல்லக்கு பின்னால் வருவதும் தொன்றுதொட்ட முறை. எனவே மேலிடப் பொருளுக்கு நிலத்தைத் தயார் செய்யும்பொருட்டு, கீழிடப் பொருள் முன்படையாக அனுப்பப்படலாம்.’ நூற்றைம்பது வீரர்களின் முன்படை அன்று மதியமே கிளம்பியது. நான் நின்றுகொண்டு படகு வலித்தேன், அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. ஆறு நடை அடித்தோம். வழியில் தென்ரோகு காலிப் படகோடு எதிரே வந்தான். இந்த முறை வணக்கம் சொல்லவில்லை.

ஊர்த்தலைவர் மாடத்தில் இருந்த வாளிகளை மொகிச்சி ஒவ்வொன்றாக எடுத்துவந்து, அதே குழியில் கொட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி, நீளக் கம்பால் கலக்கினான். மேலிடம் எது, முன்படை எது என்று அதற்குப் பிறகு அவனாலும் சொல்ல முடியவில்லை. சான்றில் ‘தகுந்த நிலத்தில் சேர்ந்தது’ என்று எழுதி அனுப்பினோம். ஊர்த்தலைவர் சித்திரச் சுருளை மறுபடி மாட்டி, கதவுகளையெல்லாம் இரண்டு நாள் திறந்து வைத்தார்.

விதைப்பு தப்பவில்லை. அந்த வருடம் முள்ளங்கி ஒவ்வொன்றும் ஓதாமேயின் முழங்கை அளவு, வெள்ளை வெளேரென்று.

பனி விழ ஆரம்பித்த ஒரு காலையில் படகு நிறைய முள்ளங்கியோடு பின்வாசலுக்குப் போனோம். காலாள் வீரன் இல்லை. கல்லும் இல்லை. பட்டுத் துணி மட்டும் இருந்தது, அதை எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை. புறப்பாட்டு ஓலை பின்வாசலுக்கு இன்னமும் வரவில்லை என்பதால், அரக்கு வாளியும் மூன்று நாளைக்கு ஒருமுறை தவறாமல் நிறைந்துகொண்டுதான் இருந்தது. மொகிச்சி அதையும் எடுத்து, மற்றதோடு ஊற்றிக்கொள்வான். தன்சோ அந்த நேரம் வானத்தைப் பார்ப்பார்.

மொகிச்சி இருப்பதிலேயே பெரிய முள்ளங்கி ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் தன்சோவிடம் நீட்டினான். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர், கோடை முழுக்கப் பழகிய பழக்கம், முள்ளங்கிக்குத் தலை குனிந்து வணங்கிவிட்டார். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது. முகம் நன்றாகத் தேறியிருந்தது, கன்னத்தில் சதை போட்டிருந்தது.

சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “வயிறு இப்ப பரவாயில்ல,” என்றார்.

“தெரியும் எஜமான்,” என்றான் மொகிச்சி, காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டே. “இப்பதான் பாத்தேன்.”